விசாரிப்பே ஊழியம்

நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம், பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத் திருச்சபைகளின் ஆயர்கள், பங்குத்தந்தையர், அருட்சகோதரிகள், உபதேசியார்கள், சபை மூப்பர்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், பெண்கள் சங்கத்தார், வாலிபர் சங்கத்தார் அனைவருக்கும்.

ஊழியம் என்ற சொல் இன்று தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே மதிப்பு மிக்க சொல். ஒருவர் முழுநேர ஊழியத்துக்கு வந்துவிட்டார் என்றால், வேலையை விட்டுவிட்டுப் பிரசங்கத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தவர் என்று கேட்பவர் புரிந்துகொள்கிறார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தென்திருவிதாங்கூரில் இதே சொல் அச்சம் தரும் சொல்லாக இருந்தது. அரசுக்காகக் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலைக்கு அங்கே ஊழியம் என்று பெயர். அந்தச் சுமை ஒடுக்கப்பட்ட சாதியாரின் தலையில் விழுந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கிறிஸ்தவத்துக்கு வந்தவர்களுக்குக் கிடைத்த முதல் விடுதலைகளில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமையில் அந்த ஊழியத்துக்குப் போக வேண்டாம் என்பது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் ஊழியத்தைக் குறிக்கும் 'தியாகோனியா' என்ற சொல்லும் பந்தியில் பரிமாறுபவரின் வேலையைக் குறித்த சொல். இலத்தீனில் 'மினிஸ்டர்' என்றால் ஏவல் செய்பவர். மூன்று மொழியிலும் அந்தச் சொல் வேலைக்காரர்களிடமிருந்து வந்தது. சீடர்களின் கால்களைக் கழுவ இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு எடுத்ததும் வேலைக்காரர் செய்யும் வேலைதான்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைத் தமிழ் வேதாகமத்தின் இன்னொரு சொல் காட்டுகிறது: விசாரித்தல். சபைகளில் நெடுங்காலமாக வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் மூன்று முக்கியமான இடங்களில் அது வருகிறது. எருசலேம் சபையில் விதவைகளுக்கு நாள்தோறும் உணவு பங்கிட்டதைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில் ஓரிடம். நோயாளியைப் பார்க்கப் போவதைச் சொல்லும் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் ஓரிடம். மாசற்ற பக்தி எது என்று சொல்லும் யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தில், திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் பற்றி ஓரிடம். கிரேக்க மூலத்தில் இம்மூன்றுக்கும் ஒரே சொல் இல்லை. தமிழில் அவை ஒன்றாயின. தமிழ்க் காதுக்கு அது இயல்பாகவே படுகிறது. ஊருக்குப் புறப்படுபவரிடம், அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். கல்யாணப் பந்தியில் இலைக்கு இலை போய் யாருக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பவரை, நன்றாக விசாரித்தார் என்று பாராட்டுகிறார்கள். நலம் கேட்பது, தேவையை அறிவது, அறிந்தபடி கவனிப்பது ஆகிய மூன்றும் அந்த ஒரு சொல்லில் அடங்கும். அன்றாட வாழ்வில் கிறிஸ்தவ ஊழியத்துக்குப் பொருள் தருவது எது என்ற கேள்விக்கு விடையும் அதுவே. விசாரிப்பு இருக்கும் இடத்தில் ஊழியம் உயிரோடு இருக்கிறது. விசாரிப்பு நின்றுபோன சபையில் ஆராதனையும் கூட்டமும் குறைவில்லாமல் நடக்கலாம், ஊழியம் நடப்பதில்லை.

முதல் சபையின் வரலாறே இதற்குச் சான்று. எருசலேம் சபையில் எழுந்த முதல் உட்பூசல்களில் ஒன்று சோற்றைப் பற்றியது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப் போகிறார்கள் என்று அவர்களைச் சேர்ந்தவர்கள் முறையிட்டார்கள். அப்போஸ்தலர்கள் அந்த முறையீட்டை அடக்கவில்லை. சபையைக் கூட்டி, நற்சாட்சி பெற்ற ஏழு பேரை அந்த வேலைக்குத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஸ்தேவான், பிலிப்பு முதலிய ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். எந்தக் கூட்டம் புறக்கணிக்கப்பட்டதோ அந்தக் கூட்டத்தின் கையிலேயே அகப்பை கொடுக்கப்பட்டது. அந்த எழுவரில் ஸ்தேவான் சபையின் முதல் இரத்தசாட்சி ஆனார். பிலிப்பு சமாரியாவுக்கு நற்செய்தி கொண்டுபோனார். பரிமாறுவது ஒரு தரம், பிரசங்கிப்பது அதற்கு மேலான தரம் என்ற பிரிவு அவர்கள் வாழ்வில் நிற்கவில்லை. குறையைச் சொல்பவரைக் குழப்பக்காரர் என்று ஒதுக்கும் பழக்கம் எந்தச் சபையில் இருக்கிறதோ, அந்தச் சபை இந்த அதிகாரத்தை மீண்டும் படிக்க வேண்டும்.

இந்த வட்டாரத்தின் லுத்தரன் சபை வரலாறும் பந்தியைப் பற்றிய ஒரு சச்சரவில்தான் தொடங்குகிறது. நெல்லிக்குப்பத்திலிருந்து பண்ருட்டி போகும் வழியில் இருக்கிறது மேல்பட்டாம்பாக்கம். அங்கே 1861-இல் வந்து தங்கியவர் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி. அவர் லைப்சிக் மிஷனில் பணிசெய்தவர். தமிழ்ச் சபைகளில் சாதி வேற்றுமை எவ்வளவு தூரம் அனுமதிக்கப்படலாம் என்ற விவாதம் அப்போது பல பத்தாண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. 1833-இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரிலும் சென்னையிலும் பலர் சபையை விட்டு விலகினார்கள். லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல் தமிழ் கற்றவர். திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர். சாதி ஒரு சமூக ஏற்பாடு, அது படிப்படியாக மறையட்டும் என்பது அவர் நிலை. ஓக்ஸ் அதை ஏற்கவில்லை. கிறிஸ்துவின் பந்தியில் கூடுகிறவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட மறுப்பது விசுவாசத்துக்கு முரண் என்று அவர் கருதினார். மிஷனை விட்டுப் பிரிந்து மேல்பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய இடத்துக்குப் பெத்தானியா என்று பெயரிட்டார். மார்த்தாள், மரியாள், லாசரு ஆகியோரின் வீட்டில் இயேசு விருந்துண்ட ஊர் பெத்தானியா. 1860-களிலேயே டேனிஷ் மிஷன் சங்கம் அந்தப் பணியை ஏற்றுக்கொண்டது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கே இருக்கிறது.

அந்த விவாதத்தில் பேசப்பட்டவை எல்லாம் அன்றாடக் காரியங்கள். கோயிலில் யார் எங்கே உட்காருவது, பாத்திரத்தில் முதலில் யார் வாய் வைப்பது, யார் வீட்டுத் தண்ணீரை யார் குடிப்பது, யார் பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பது, யாரை எங்கே புதைப்பது. இவற்றை விட்டுவிட்டுச் சமத்துவத்தைப் பிரசங்கத்தில் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. தமிழகத்தின் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்றும் சாதிப்படி பிரிந்து கிடக்கிறது. சில சபைகளில் மூப்பர் தேர்தல் வந்தால் சாதிக் கணக்கு எடுக்கப்படுகிறது. ஆயர் காலனிக்குப் போய் ஜெபம் செய்கிறார், ஆனால் அங்கே கொடுக்கும் தேநீரைக் குடிக்காமல் எழுந்துவிடுகிறார் என்றால், அந்த ஜெபத்தைக் கேட்ட வீட்டார் மனத்தில் நிற்பது ஆறிப்போன தேநீர்தான். சாதியை வெளியே இருக்கும் சமூகப் பிரச்சினை என்று தள்ளிவைக்கும் ஊழியம், தன் வேலையின் பாதியைத் தள்ளிவைக்கிறது. மேல்பட்டாம்பாக்கத்துக்கு அருகில் வாழும் சபைகளுக்கு இதை நினைவில் வைத்திருக்கும் கடமை மற்றவர்களைவிட அதிகம்.

ஊழியம் யாருடையது என்பது அடுத்த கேள்வி. மார்ட்டின் லூதர் 1520-இல் எழுதிய நூல்களில், திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் குருத்துவத்தில் பங்குள்ளவர் என்று வாதிட்டார். செருப்புத் தைப்பவரும் கொல்லரும் உழவரும் தத்தம் வேலையால் அயலாருக்குப் பணி செய்கிறார்கள் என்றார். ஜெர்மன் மொழியில் தொழிலையும் இறை அழைப்பையும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கத்துக்கு அவர் எழுத்து வலுவூட்டியது. கத்தோலிக்க மரபிலும் இதே ஒளி உண்டு. அதைக் காட்டும் இடம் கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. விருத்தாசலம் பக்கத்தில் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பியவர் வீரமாமுனிவர். அவர் இயற்றிய தேம்பாவணி 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட காப்பியம். அரசரையும் வீரரையும் தலைவராகக் கொள்ளும் காப்பிய மரபில் அவர் தச்சுத் தொழில் செய்து குடும்பம் காத்த சூசையை, வளன் என்று தமிழ்ப் பெயர் சூட்டித் தலைவனாக வைத்தார். நற்செய்தி நூல்களில் சூசை பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. உளி பிடித்த கையாலும், பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக நடந்த காலாலும் அவர் செய்த ஊழியம் ஒரு பெருங்காப்பியத்துக்குப் போதுமானதாக இருந்தது.

உத்தியோகத்தையே ஊழியமாக்கிய தமிழர் ஒருவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826 முதல் 1889 வரை வாழ்ந்தவர், கத்தோலிக்கர், தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக இருந்தவர். வழக்குக்கு வரும் குடியானவருக்குத் தீர்ப்பு புரிய வேண்டும் என்று ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து வெளியிட்டார். கையூட்டை வெறுத்தார், பெண் கல்விக்காக எழுதினார். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை அழித்த தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளைக் கொண்டு கஞ்சி ஊற்றினார். அந்தக் கொடையைப் புகழ்ந்து பாடியவர் நந்தன் சரித்திரக் கீர்த்தனை தந்த கோபாலகிருஷ்ண பாரதியார். கிறிஸ்தவரான முன்சீப்பின் செயல் சைவரான பாடகரின் வாயில் பாட்டாயிற்று. தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் வெளியிட்டவரும் அவரே. அவர் குருவானவர் அல்லர், நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்.

நெல்லிக்குப்பத்திலும் நெய்வேலியிலும் இதற்கு இடம் தேட வேண்டியதில்லை. கரும்பு வண்டி எடைமேடையில் ஏறும்போது குடியானவருக்கு ஒரு கிலோகூடக் குறையாமல் எடை எழுதும் எழுத்தர் ஊழியம் செய்கிறார். கொதிகலன் பக்கத்தில் ஆட்களை அனுப்பும் முன், கையெழுத்துப் போட வேண்டிய பாதுகாப்புத் தாளைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்திடும் ஷிஃப்ட் பொறுப்பாளர் ஊழியம் செய்கிறார். கடைசி பெஞ்சுப் பிள்ளையின் பெயரைத் தெரிந்து வைத்திருக்கும் ஆசிரியை, வார்டில் இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காத நர்ஸ், முதியோர் உதவித்தொகைக்கு வந்த பாட்டியை நாளை வா என்று அலையவிடாத அலுவலக ஊழியர் ஆகியோரும் அப்படியே. சனி மாலை உபவாச ஜெபத்தில் முன்வரிசையில் இருந்துகொண்டு, திங்கட்கிழமை எடையில் ஏமாற்றுபவரின் ஜெபம் அந்த எடைமேடையில் அறுந்துவிடுகிறது. சபை தன் உறுப்பினர்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, அவர்கள் வேலையிடத்தில் படும் சோதனைகளைக் கேட்டு, அந்த வேலைக்காகவே அவர்களை ஆசீர்வதித்து அனுப்புவது.

தேவை எங்கே கதவைத் தட்டுகிறதோ அங்கே ஊழியம் வழியைக் கண்டுகொள்கிறது. பழைய தென்னாற்காட்டைச் சேர்ந்த திண்டிவனத்தில் 1890-களின் தொடக்கத்தில் நடந்தது இது. மிஷனரி மருத்துவரின் மகளான இளம் ஐடா ஸ்கடரிடம் ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்தார்கள்: ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் முதலியார். மூவர் மனைவியருக்கும் பிரசவம் சிக்கலாகியிருந்தது. ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு மூவருமே சம்மதிக்கவில்லை. ஐடாவோ மருத்துவம் படித்தவர் அல்லர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். மிஷனரி வாழ்வே வேண்டாம் என்று எண்ணியிருந்த அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900-இல் திரும்பினார். வேலூரில் அவர் வைத்த சிறு மருந்தகம் வளர்ந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தொடக்கம் திண்டிவனத்தில் அந்த மூன்று வீடுகளின் இழவு.

அதே மருத்துவமனையில் 1946-இல் சேர்ந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். கை நேரானவர்கள் சிலர் திரும்பி வந்து சொன்ன குறை அவரைச் சிந்திக்க வைத்தது. கை கோணலாக இருந்தபோது பிச்சையாவது விழுந்தது. இப்போது பிச்சையும் இல்லை, தொழுநோய் வந்தவர் என்று வேலை தருவாரும் இல்லை. அதன்பின் அவர்களுக்குத் தச்சு முதலான தொழில்களைக் கற்றுத்தரும் இல்லம் வேலூரில் உருவானது. உதவி செய்த பிறகு அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று மறுபடி விசாரிப்பவருக்கே அடுத்த தேவை தெரியும். கிறிஸ்துமஸ் சேலையும் அரிசிப் பையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் உதவியில் இந்த இரண்டாம் விசாரிப்பு இல்லை.

பரங்கிப்பேட்டையின் சேவா மந்திர் பள்ளி இன்னொரு பாடத்தைத் தருகிறது. டேனிஷ் மிஷனரியாக 1909-இல் வந்த ஆன் மேரி பீட்டர்சன், மிஷன் பள்ளிகளில் படித்த பெண்கள் தங்கள் சொந்த மக்களிடமிருந்து அந்நியமாகிப் போவதைக் கண்டார். சக டேனிஷ் மிஷனரி எஸ்தர் ஃபேரிங்குடன் காந்தியின் ஆசிரமத்துக்குப் போய் வந்தார். தாய்மொழியில் கற்பிக்கும், கைத்தொழில் சேர்ந்த பெண்கள் பள்ளி ஒன்றைப் பரங்கிப்பேட்டையில் தொடங்க முனைந்தார். 1921-இல் காந்தி அங்கு வந்து அடிக்கல் நாட்டினார். ஆட்சியாளரோடு ஒட்டி நின்ற மிஷன் வாழ்வை விட்டுவிட்டு மக்கள் பக்கம் நின்ற அந்த அம்மையார், 1951-இல் இறக்கும்வரை இம்மண்ணிலேயே வாழ்ந்தார். ஊழியர் யாரிடம் வந்தாரோ அவர்களிடம் கற்றுக்கொள்ளவும் வேண்டும் என்பதை அவர் வாழ்வு சொல்கிறது.

இனி இந்த வட்டாரத்தின் வார நாட்கள். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை 1840-களிலிருந்து வரும் ஆலை. அரவைப் பருவம் வந்தால் ஊரின் நேரமே மாறிவிடும். கரும்பு வெட்டுவோர் விடியுமுன் தோட்டத்தில் நிற்கிறார்கள். சோகை கிழித்த கை கால்களோடு இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். முன்பணம் வாங்கி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பண்ருட்டிப் பக்கத்தில் பெண்கள் முந்திரிக்கொட்டை உடைக்கிறார்கள். ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலைச் சுடுகிறது. சாம்பல் தடவிக்கொண்டு வேலை செய்தும் விரல்கள் கறுத்துப் புண்ணாகின்றன. அந்தக் கைகளே ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து அப்பத்துக்கு நீள்கின்றன. அப்பத்தைக் கொடுப்பவர் அந்தக் கையைப் பார்க்க வேண்டும். கையுறைக்கும் களிம்புக்கும் நியாயமான கூலிக்கும் பேசுவது அப்பம் கொடுப்பதன் தொடர்ச்சி.

பல வீடுகளில் குழுக்கடன் தவணைநாள் வந்தால் அடுப்பு எரிவதில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுவில் வாங்கி, அதை அடைக்க நகையை வைத்து, கடைசியில் கந்துவட்டியில் போய் நிற்கிறார்கள். இது ஜெபக்குறிப்பாகச் சபையில் வருவதே இல்லை. வெட்கம் வாயை அடைத்துவிடுகிறது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து நிதானமாக விசாரிப்பவருக்கே இது தெரியவரும். 1833-இல் பாரிஸில் ஃபிரெடரிக் ஓசானாம் என்ற மாணவரும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை இதனால்தான் ஏழைகளின் வீட்டுக்கு இருவர் இருவராகப் போவதைத் தன் அடிப்படை வேலையாக வைத்துக்கொண்டது. தமிழ்நாட்டுப் பங்குகள் பலவற்றிலும் அந்தச் சபை இயங்குகிறது. வீட்டுக்குப் போவது, அங்கே கண்டதை வெளியே பேசாதிருப்பது, மறுவாரமும் போவது என்ற மூன்றும் அதன் இலக்கணம். எந்தச் சபையும் இதைக் கடன் வாங்கலாம்.

நெய்வேலியின் நிலை வேறு. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியபின் வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய நகரியத்தில் பல ஊரார், பல மொழியார் வந்து குடியேறினார்கள். மூன்று ஷிஃப்ட் ஓடும் ஊரில் ஞாயிறு காலை ஆராதனைக்கு வர முடியாதவர்கள் எப்போதும் உண்டு. அவர்களை வராதவர்கள் என்று பதிவேட்டில் குறிப்பதோடு நிறுத்தாமல், இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழும் நேரம் பார்த்து அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர் என்ற வேறுபாடு கூலியில் மட்டும் நிற்பதில்லை. பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலும் நோய்க்குப் போகும் இடத்திலும் கோயிலில் உட்காரும் வரிசையிலும் தெரிகிறது. சுரங்கத்துக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறிடம் போன கிராமத்தார் இன்னொரு புறம். அவர்களுக்கு ஊரும் குலதெய்வக் கோயிலும் முன்னோரைப் புதைத்த மண்ணும் போயின. மின்விளக்கின் கீழ் ஆராதிக்கும் சபை, அந்த வெளிச்சத்துக்கு விலை கொடுத்தவர்களை மறக்கக் கூடாது. ஓய்வு பெற்றபின் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியே வாழும் முதியோர் விசாரிக்கப்பட வேண்டியவர்களின் வரிசையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பணம் வருகிறது; பேச ஆள் வருவதில்லை.

2020 மே 7-ஆம் தேதியும் ஜூலை 1-ஆம் தேதியும் நெய்வேலியின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்தன. பல தொழிலாளர்கள் இறந்தார்கள். கொரோனா ஊரடங்குக் காலம் அது. இழவு வீட்டுக்குக் கூட்டமாகப் போகவும் முடியாத காலம். இப்படிப்பட்ட துயரத்தில் கடவுளின் சித்தம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவது ஆறுதல் ஆகாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். பேசத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். கூட உட்கார்வது, பிறகு இழப்பீட்டுத் தாளுக்கும் பிள்ளைகளின் கட்டணத்துக்கும் ஓடுவது, ஓராண்டு கழித்து அந்தத் தேதியை நினைவில் வைத்து மறுபடி போவது ஆகியவை துயரத்தில் விசாரிப்பின் படிகள்.

கடலூர் மாவட்டம் பேரிடரை அறிந்த மாவட்டம். 2004 டிசம்பர் 26 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை நேரத்தில் கடல் உள்ளே வந்தது. மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. 2015 மழைவெள்ளத்தில் வீடுகளும் பயிர்களும் அழிந்தன. பேரிடர் நாட்களில் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் திறந்துவிடப்படுவதும், அடுப்பு மூட்டிச் சோறு வடிப்பதும் இம்மாவட்டத்தில் எல்லாச் சமயத்தாருக்கும் பழகிய காரியம். சோற்றுப் பொட்டலம் ஒரு வாரத்தில் நின்றுவிடும். சாய்ந்த முந்திரிக்குப் பதில் நட்ட கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அந்தப் பல ஆண்டுகளில் அந்தக் குடும்பத்தின் வருமானம் எங்கிருந்து வரும் என்று கேட்கும் சபைக்குத்தான் முழு ஊழியமும் தெரியும்.

விசாரிப்புக்கு விலை வைக்கக் கூடாது. நெல்லிக்குப்பத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒரே கடைத்தெருவில் வாழ்கிறார்கள். அரிசி கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்கு அழைப்பது, நோயுற்றவரின் பலவீன நேரத்தில் மதம் மாறும் வாக்குறுதி வாங்குவது ஆகியவை வாங்குபவரின் மானத்தையும் கொடுப்பவரின் சாட்சியையும் ஒருசேரக் கெடுக்கின்றன. இயேசு குணமாக்கிய பத்துத் தொழுநோயாளிகளில் ஒருவர் மட்டுமே திரும்பி வந்து நன்றி சொன்னார், அவரும் சமாரியர். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. விசுவாசத்தைப் பற்றி அயலார் கேட்டால் ஒளிவில்லாமல் சொல்லலாம். கேட்பதும் கேளாததும் அவர் உரிமை. அயலாரின் நோன்புக் கஞ்சியையும் பொங்கலையும் நன்றியோடு வாங்கிக்கொள்ளத் தெரிவதும் ஊழியத்தின் ஒரு பாகம். வாங்கத் தெரியாதவர் கொடுப்பது அதிகாரமாகிவிடும்.

ஜெபமும் மருந்தும் பகை அல்ல. சர்க்கரை நோயாளியை மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஊழியம் உயிரைக் கொல்லும். மனநோயைப் பிசாசு என்று சொல்லிக் கட்டி வைப்பது கொடுமை. குடிக்கு அடிமையானவரை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைப்பதற்கு முன், மருத்துவரிடம் கூட்டிப்போய், மறுபடி விழுந்தால் மறுபடி தூக்கும் ஆட்களைச் சேர்க்க வேண்டும். கணவரிடம் அடிபட்டு வந்த பெண்ணிடம் பொறுத்துப்போ என்று சொல்லித் திருப்பி அனுப்புவது, அவளை அந்த அடியிடமே ஒப்படைப்பதாகும். அவளுடைய பாதுகாப்பு முதலில். சட்ட உதவி அடுத்து. சமாதானப் பேச்சு அதற்குப் பிறகு, அவள் விரும்பினால் மட்டும். நல்ல சமாரியன் காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினார், சத்திரத்துக்குக் கொண்டுபோனார், செலவுக்குப் பணம் வைத்தார், திரும்பி வரும்போது மீதியைத் தருவதாகவும் சொன்னார். அந்தக் கதையில் பக்தி முழுவதும் வேலையாகவே இருக்கிறது.

ஊழியத்தின் உள்வீடும் சுத்தமாக இருக்க வேண்டும். காணிக்கைப் பையில் விழும் பத்து ரூபாய் சில வீடுகளில் அன்றைய பால் காசு. அதன் கணக்கை ஆண்டுக்கொருமுறை அவசரமாக வாசித்து முடிக்காமல், எழுதி ஒட்டி வைப்பது காணிக்கை போட்டவருக்குச் செய்யும் மரியாதை. உபதேசியாருக்கும் கோயில் பிள்ளைக்கும் குறைந்த சம்பளத்தைக் கொடுத்துவிட்டுப் பரலோகப் பலனைப் பேசுவது, கூலியில்லாக் கட்டாய வேலையாக இருந்த பழைய ஊழியத்தையே திரும்பக் கொண்டுவருவது. ஆயரின் மனைவி சம்பளமில்லாத இரண்டாம் ஊழியராகக் கருதப்படுகிறார். அவருக்கும் களைப்பு உண்டு, சொந்த வேலை உண்டு. கெங்கிரேயா சபையின் பெபேயாளைப் பவுல் ரோமர் நிருபத்தில் ஊழியக்காரி என்றே அறிமுகப்படுத்துகிறார். கோயிலைக் கூட்டிப் பூ வைப்பதும் சமைப்பதும் பெண்களுக்கு, முடிவெடுப்பதும் கணக்கும் ஆண்களுக்கு என்ற ஏற்பாட்டுக்கு அந்த நிருபத்தில் ஆதாரம் இல்லை. விசாரிக்கிறவரையும் யாராவது விசாரிக்க வேண்டும். எல்லார் துயரத்தையும் கேட்டுவிட்டு இரவில் தூக்கம் வராமல் கிடக்கும் ஆயர்களும் சகோதரிகளும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

ஆராதனைக்கும் இதற்கும் உறவு நெருக்கமானது. வாரம் முழுவதும் விசாரிப்பவர் வெறுங்கையோடும் நிறைந்த மனத்தோடும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். வேதவாசிப்பு அவர் கண்டதற்குப் பொருள் சொல்கிறது. பொது ஜெபத்தில் அவர் கண்டவர்களின் பாரம் சபை முழுவதற்கும் பகிரப்படுகிறது. திருவிருந்தில் அவரும் பரிமாறப்படுபவராக உட்காருகிறார். இந்த ஊற்று இல்லாத தொண்டு சில ஆண்டுகளில் வறண்டுபோகிறது. தெருவுக்கு ஓடாத ஊற்றோ தேங்கிவிடுகிறது.

இவை அனைத்தும் ஒரு சபைக்குப் பெரிய திட்டங்களைக் கேட்பவை அல்ல. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். அதில் சபை எல்லைக்குள் இருக்கும் விதவைகள், நோயாளிகள், தனியே வாழும் முதியோர், பள்ளியை விட்ட பிள்ளைகள், வேலை இழந்தவர்கள், அண்மையில் இழவு நடந்த வீடுகள் ஆகியவை எச்சமயத்தார் என்று பாராமல் எழுதப்படட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் யார் போய் விசாரிப்பது, கடைசியாக எப்போது போனார்கள், மறுபடி எப்போது போக வேண்டும் என்ற மூன்று கட்டங்கள் இருக்கட்டும். மாதம் ஒருமுறை சபைக்குழு கூடும்போது வரவு செலவுக்கு முன்பே அந்த நோட்டு வாசிக்கப்படட்டும். வீட்டு விஷயங்கள் குழுவுக்கு வெளியே போகாதிருக்கட்டும். எந்தப் பெயருக்கு எதிரில் மூன்று மாதமாகத் தேதி விழவில்லையோ, அந்த வீட்டில்தான் அந்தச் சபையின் அடுத்த ஊழியம் காத்திருக்கிறது.